நூற்றுப் பதினேழும் ஒன்றும்

தலாபான் கிராமம், சாந்தா லூர்தெஸ்
26 ஏப்ரல் 1998, ஞாயிறு

அன்புத் தங்கை சிசாவுக்கு,

அக்கா ஃபெமி எழுதுகிறேன். நானும் அப்பாவும் உன் மகள் லியாவும் சுகம். ஹாங்காங்கில் உன் உடம்பும் உன் எஜமானியம்மாவின் குணமும் ஒருசேர நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. லியாவுக்குச் சிவப்புச் செருப்பு ஒரு விரல் அளவு பெரிது. அதனாலென்ன, கழற்றவே மாட்டேன் என்கிறாள். படுக்கையிலும் செருப்போடுதான்.

டவுனுக்குப் போய் போன் கடையிலிருந்து உன்னோடு பேசியிருக்கலாம். ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பது நம் சபைக்காரர்களாகத்தான் இருக்கும். அவர்கள் காதில் விழாமல் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பிலிப்பைன்ஸ் முழுக்கத் தேர்தல் பேச்சுதான். நம் ஊரில் இன்னும் மோசம். மேயர் பதவிக்கு நிற்பது யார் தெரியுமா? புரூனோ சலமான்கா! எந்தப் படத்திலும் சாகாதவன் என்று நீ தலைகால் புரியாமல் கொண்டாடுவாயே, அவனேதான். ஊர்க்காரன் என்று காட்டுவதற்காகப் போன வருஷம் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு வாங்கியிருக்கிறான். போன செவ்வாய்க்கிழமை டவுன் சதுக்கத்தில் ஜீப்பின் கூரைமேல் ஏறி நின்று, “எனக்குச் சட்டம் தெரியாது, திட்டம் தெரியாது. ஆனா ஒங்க கண்ணீரு எனக்குத் தெரியும்” என்றான். சொல்லும்போதே அவனுக்கும் கண்ணீர் வந்துவிட்டது. நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிரிக்காதே, கூட்டத்தில் முண்டியடித்து அவன் கையைத் தொட்டுவிட்டும் வந்தேன். நாற்பத்தொரு வயது டீச்சர்! வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. இன்று ஆராதனையில் மேய்ப்பர் ஆர்செனியோ தலைமைச் சபையின் பட்டியலை வாசித்தார். நம் ‘ஒரே மந்தை’ சபையார் அனைவரும் மேயருக்குப் புரூனோவின் பெயரைத்தான் எழுத வேண்டுமாம். “ஓட்டும் ஆராதனைதான். மந்தை பிரிஞ்சு நடந்தா அது மந்தையே இல்ல” என்றார். அப்பா வழக்கம்போல வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆலய வாசலில் நின்று, பெயர்கள் அச்சடித்த துண்டுக் காகிதத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். இருபத்தெட்டு வருஷமாக அந்த வாசல் ஊழியம் அவருடையது. என் கையில் கொடுக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேய்ப்பர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம்மைப் போன்ற ஏழைகள் தனித்தனியாகப் போய் நின்றால் நகராட்சி வாட்ச்மேன்கூட ஏனென்று கேட்கமாட்டான். ஒரே குரலில் ஓட்டுப் போட்டதால்தானே நமக்கு அடிபம்பும் கல் ரோடும் வந்தன. ஆனால் எதிரே நிற்பது யார் என்று பார்த்தாயா? நம் மருத்துவச்சி கிளிசேரியா.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் அந்தப் புயல் வெள்ளத்தில், இடுப்பளவு தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்து, வயிற்றில் குறுக்கே கிடந்த லியாவையும் போகப் பார்த்த உன் உயிரையும் மீட்டுக் கொடுத்தவள். அன்று அப்பா அவள் காலைத் தொடப் போய், “உசிரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேம்மா” என்று அழுதது என் கண்ணிலேயே நிற்கிறது. போன வாரம் அவள் ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வந்தாள். அப்பா பின்னறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். அவள் வாசலைப் பார்த்துவிட்டு, “அண்ணன் வீட்ல இல்லையா? செருப்பு மட்டும் காவல் காக்குது போலிருக்கே” என்று சிரித்தாள். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஓட்டு என்ற வார்த்தையை எடுக்கவேயில்லை.

என் பயமெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அவர் மனம் கேட்காமல் அவள் பெயரை எழுதிவிட்டால் என்ன ஆகும்? மரியானோ குடும்பத்தை நினைத்துப் பார். ஆறு வருஷத்துக்கு முன் ஒற்றுமையைக் குலைத்தான் என்று ஞாயிற்றுக்கிழமை பெயரை வாசித்துச் சபையை விட்டு வெளியேற்றினார்கள். நாம் குடியிருக்கும் நிலம் சபையுடையது அல்லவா? புதன்கிழமை அவன் தன் வீட்டைத் தானே பிரித்து மூங்கிலை வண்டியில் ஏற்றினான். நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்.

போதாக்குறைக்கு நம் வாக்குச்சாவடிக்கு ஓட்டெண்ணும் ஆசிரியர் குழுவின் தலைவியாக என்னையே போட்டிருக்கிறார்கள். சீட்டைப் பிரித்து வாசிக்கப் போவது நான். எல்லாம் நல்லபடியாக முடிய உன் ஜெபத்தில் சேர்த்துக்கொள்.

உன் நலம் நாடும் அக்கா,
ஃபெமி


13 மே 1998, புதன்

அன்புத் தங்கை சிசாவுக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். லியா நன்றாக இருக்கிறாள், முதலில் அதைத் தெரிந்துகொள்.

திங்கட்கிழமை ஓட்டுப்பதிவு அமைதியாகத்தான் நடந்தது. நம் சாவடிப் பட்டியலில் நூற்றுப் பதினெட்டுப் பேர், அத்தனை பேரும் மந்தையைச் சேர்ந்தவர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். பக்கவாதம் வந்த தினோங் தாத்தாவைக்கூட நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மாலையில் பள்ளிக்கூட அறையிலேயே பெட்டியைத் திறந்தோம். முறை உனக்குத் தெரியும். சீட்டில் அவரவர் கையால் எழுதிய பெயரை நான் உரக்க வாசிக்க வேண்டும், இன்னொரு டீச்சர் சுவரில் ஒட்டிய தாளில் கோடு போட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. சலமான்கா, சலமான்கா, சலமான்கா என்று வாசித்து வாசித்து என் தொண்டை வறண்டுவிட்டது. ஐந்தைந்தாகக் கட்டுப் போட்ட கோடுகள் சுவரில் ஒரு முழம் நீண்டுவிட்டன. மருத்துவச்சியின் பெயருக்கு நேரே வெறும் வெள்ளை.

எண்பதைத் தாண்டியதும் ஒவ்வொரு சீட்டையும் மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்கிறாயா? சிசா, கிளிசேரியாவின் பெயரை நான் எழுதியிருந்தேன்.

அப்பாவை நினைத்துப் பயந்துகொண்டிருந்த அக்காதான் இதைச் செய்தாள். எப்படித் துணிந்தாய் என்று கேட்காதே. நான் துணிச்சல்காரி இல்லை, உனக்கே தெரியும். தனியாக மாட்டுவேன் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை, அவ்வளவுதான். அடிபம்படியில் ஒரு மாதமாகப் பெண்கள் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் நீயும் அப்படித்தான் நம்பியிருப்பாய். “என் நாலு பிள்ளையையும் வெளிய எடுத்தது நடிகனா?” என்றாள் ஒருத்தி. எதிர்வீட்டு பசிலியா இன்னும் ஒருபடி மேலே போய், “பேனா என் கையிலதானே இருக்கும், மேய்ப்பர் கையிலயா இருக்கப் போவுது?” என்று இடுப்பில் குடத்தோடு சவால் விட்டாள். பதினைந்து பேராவது எழுதுவார்கள் என்று மனதுக்குள் எண்ணி வைத்திருந்தேன். பதினைந்தோடு பதினாறாக ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பம்படியில் பேசியது பம்படியோடு சரி என்று டீச்சருக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

நூற்று ஐந்தோ ஆறோ, என் சீட்டு என் கைக்கே வந்தது. பிரித்ததும் என் எழுத்து என்னைப் பார்த்தது. மருத்துவச்சியின் தரப்பு ஏஜெண்டாக வந்திருந்த அவளுடைய தம்பி மகன் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தான். சலமான்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சீட்டை மடித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகு என்னவோ, எழுதியிருந்ததையே வாசித்தேன். கோடு போடும் டீச்சர் திரும்பி என்னைப் பார்த்து, “யாரு?” என்றாள். இரண்டாம் முறையும் வாசித்தேன்.

நூற்றுப் பதினேழு, ஒன்று. அப்படித்தான் சுவரில் எழுதி ஒட்டினோம். சலமான்கா ஊர் முழுக்கப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டான். என் ஒரு ஓட்டால் ஒரு இலைகூட அசையவில்லை.

மறுநாள் காலையிலேயே மேய்ப்பர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பாவம், அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. “நூத்திப் பதினெட்டுன்னு மேலிடத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பிட்டேன் டீச்சர்” என்றார். பிறகு, “ஊர்ல பாதிப் பேருக்கு எழுதக் கத்துக் குடுத்தது நீங்க. கையெழுத்து யாருதுன்னு ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். விடுமுறை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் முன்னால் நின்று மேய்ப்பரிடம் பொய் சொன்னேன். “காணாமப் போன ஆடு தானா வந்தா மன்னிப்பு உண்டான்னு மேல கேட்டுப் பாக்கலாம். தேடிக் கண்டுபிடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளிசேரியாவைச் சுகாதார நிலையத்தில் பார்த்தேன். தோற்ற முகமே இல்லை, குழந்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்தாள். “ஒங்க சாவடியில விழுந்த அந்த ஒரு ஓட்டு யாருதுன்னு நான் கேக்க மாட்டேன். எங்க வீட்டுச் சங்கதி தெரியுமா? என் புருஷனே நடிகனுக்குத்தான் போட்டுட்டு முழிக்கிறாரு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போகிறார். நான் போய் மேய்ப்பரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு காலையும் கிளம்புகிறேன். ஆலய வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்ததும் கால் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிவிடுகிறது. எனக்காக ஜெபம் செய்.

உன் அக்கா,
ஃபெமி


22 மே 1998, வெள்ளி

என் அருமைத் தங்கை சிசாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

போன வாரம் முழுக்க மேய்ப்பரும் இரண்டு ஊழியர்களும் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். அதில் ஒரு ஊழியர் நம் அப்பா. நினைத்துப் பார், என்னைத் தேடிக்கொண்டு அப்பாவே தெருத்தெருவாகப் போனார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பம்படியில் பேசிய பேச்சு எப்படியோ வெளியே வந்துவிட்டது, எல்லோர் கண்ணும் பசிலியா மேல் விழுந்தது. அவள் குடத்தோடு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் கடைக்குப் போனால் உப்பு தீர்ந்துபோனது. புதன்கிழமை என் வாசலுக்கு வந்து நின்று, “டீச்சர், சத்தியமா நான் அந்த நடிகன் பேரைத்தான் எழுதினேன். வாய்தான் எனக்கு நீளம், கை ரொம்பக் குட்டை. நீங்கதானே வாசிச்சீங்க, என் எழுத்து இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்” என்று அழுதாள்.

என்னால் தாங்க முடியவில்லை. நாளைக் காலையில் மேய்ப்பரிடம் நானே சொல்லிவிடுகிறேன், நீ அழாதே என்று அவளை அனுப்பினேன். நேற்றுக் காலை குளித்து, ஆராதனைக்குப் போகும் உடையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மேஜைமேல் அப்பாவின் வெள்ளைக் கோட்டு துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஆலயக் கதவின் சாவி இல்லை. அப்பா காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன். கோட்டை நாளைக்கு ஆள் வந்து வாங்கிக்குவாங்க” என்றார்.

அந்த ஓட்டு தன்னுடையது என்று விடிந்ததும் போய்ச் சொல்லியிருக்கிறார், சிசா. மேய்ப்பர் நம்பவில்லையாம். பிறகு லியா பிறந்த கதையை அப்பா சொன்னதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம். “ஐயா, ஒங்களைப் போய் எப்படி வாசிப்பேன் நான்” என்றாராம். ஆனாலும் ஞாயிறன்று வாசித்துத்தான் ஆக வேண்டும்.

நான் கத்திவிட்டேன். அப்பாவிடம் என் வாழ்நாளில் குரல் உயர்த்தியதில்லை. ஏன் பொய் சொன்னீர்கள், அது என் ஓட்டு என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா என்று கேட்டேன்.

“தெரியும். ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்” என்றார். “நூத்திப் பதினேழு சீட்டை டீச்சரா வாசிச்சே. அந்த ஒண்ணை மட்டும் என் மகளா வாசிச்சே.”

அவரே மேலும் சொன்னார். “பொய் ஒண்ணும் இல்ல ஃபெமி. நான் கிளிசேரியா பேரை எழுதணும்னுதான் வீட்ட விட்டுக் கெளம்பினேன். அட்டை மறைப்புக்குப் பின்னால பேனாவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கை கேக்கல. அவன் பேரை எழுதிட்டு வந்துட்டேன். இருபத்தெட்டு வருஷம் கதவுகிட்ட அசையாம நின்னவனுக்கு அங்க ரெண்டு நிமிஷம் நிக்க முடியல. நான் போட வேண்டிய ஓட்டை நீ போட்டே. அப்ப அது யாரு ஓட்டு?”

அப்பா அழுதுகொண்டே காப்பியைக் குடித்து முடித்தார். நானும் அழுதேன். லியா செருப்புச் சத்தத்தோடு ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். “சொல்லு. அப்பனைக் காப்பாத்தப் பொய் சொல்றா பாவம்னு நானும் எழுந்து சொல்லுவேன்” என்கிறார். பெட்டியோ டவுனில் பூட்டிக் கிடக்கிறது. வழக்குப் போடாமல் யாராலும் அதைத் திறந்து கையெழுத்தைப் பார்க்க முடியாது. ஆக, நாளை மறுநாள் ஒரே ஒரு ஓட்டுக்கு இரண்டு பேர் எழுந்து நின்று உரிமை கேட்பதை நம் மந்தை பார்க்கப் போகிறது. சிரிப்பாகத்தான் இருக்கிறது.

மேய்ப்பர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. ஒருவர் பெயரை வாசிப்பாரா, இருவர் பெயரையுமா? எப்படியானாலும் நான் அப்பாவைத் தனியாக அனுப்ப மாட்டேன். வீட்டைப் பிரிக்க வேண்டி வரும். கூரைத் தகரம் நன்றாக இருக்கிறது, எங்கே போனாலும் ஆகும். ஊருக்குள் ஒரு விஷயமும் ஒளியாது அல்லவா, இன்று மத்தியானம் கிளிசேரியா சொல்லி அனுப்பினாள்: “பின்கட்டு அறை சும்மாதான் கெடக்கு. அண்ணன் இந்தத் தடவையும் செருப்ப வாசல்லயே விடட்டும். ஆனா அவரும் சேர்ந்து வரணும்.” அதைக் கேட்டு அப்பா பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்தபடியே பின்னறைக்குள் போய்விட்டார்.

மரியானோ குடும்பத்துக்கு நாம் ஜன்னலைச் சாத்தியது இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நம் வீட்டு மூங்கிலை ஏற்றும்போது எத்தனை ஜன்னல் சாத்துகிறது என்று பார்க்கக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்றை மட்டும் பார்த்துவிடுவேனோ என்னவோ.

இனி உன்னைப் பற்றி. இதுதான் என்னைத் தின்கிறது. வெளியேற்றப்பட்டவர்களோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது என்பது ஹாங்காங்கில் உள்ள நம் சபையிலும் அதே விதிதான். வாரத்தில் ஒருநாள் விடுமுறை, அந்த ஒருநாளில் உன்னோடு நம் மொழியில் பேசுவதற்கு அந்தச் சபையை விட்டால் உனக்கு யாரும் இல்லை. எங்களுக்காக அதை நீ இழக்க வேண்டாம். எழுதாதே என்று அவர்கள் சொன்னால், சரி என்று சொல். நான் தவறாக நினைக்க மாட்டேன். அப்பாவும் அப்படியே சொல்லச் சொன்னார்.

லியாவைப் பற்றிக் கவலைப்படாதே. அவளை உலகத்துக்குக் கொண்டுவந்தவளின் வீட்டுக்குத்தான் போகிறாள். கொஞ்சம் பெரிதாக இருந்த செருப்பு இந்த மாதத்தில் சரியாகிவிட்டது, அதனால் அடுத்த பெட்டியில் இன்னும் ஒரு விரல் பெரிதாகப் பார்த்து அனுப்பு. உன் பிள்ளைக்கு நீ பெட்டி அனுப்புவதை எந்தச் சபையும் தடுக்காது.

கடிதம் ஒன்றும் வைக்க வேண்டாம். பெட்டியின் மேல் முகவரியை மட்டும் கடைப் பையனை எழுத விடாமல் நீயே எழுது. யார் கேட்டாலும் தெரியவில்லை என்று சொல்லிவிடுவேன். ஆனால் உன் கையெழுத்து எனக்குத் தெரியும்.

நீ எங்கே ஆராதித்தாலும் ஆண்டவர் அங்கே உன் பக்கத்தில் இருக்கட்டும்.

என்றும் உன் அக்கா,
ஃபெமி